ஒரு பாஸ்வேர்டுக்கு ஐந்து புள்ளி நாலு வீடு

ஜனவரி 5, திங்கள்

இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்த டைரி. பக்கத்துக்குப் பக்கம் கீழே ஒரு பொன்மொழி அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்கு 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்'. படித்துவிட்டு ஆபீசுக்குப் போனால், ஆயிரம் கோடிக்கு மேல் கொடுத்து கிரிக்கெட் வாங்கப் போகிறோம் என்றார்கள்.

பிற்காலத்தில் இந்த டைரியைப் பறிமுதல் செய்யப்போகும் வருமானவரி அதிகாரியின் வசதிக்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் மங்களேஸ்வரி. எல்லாருக்கும் மங்கை. சொந்த ஊர் சாத்தூர், இருப்பு பெருங்குடி. வேலை பார்ப்பது 'விண்திரை' என்கிற கம்பெனியில். போனிலும் டிவியிலும் சீரியல், சினிமா காட்டுகிற ஆப். எத்தனை பேர் சந்தா கட்டுவார்கள் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது என் பிரிவு. கிளி ஜோசியம்தான், பி.எஃப். பிடிப்பார்கள் என்பதுதான் வித்தியாசம்.

வாங்கப்போவது தென்னகக் கோப்பை. எட்டு அணி, இருபது ஓவர், வருஷத்துக்கு முப்பத்து நாலு ஆட்டம், ஐந்து வருஷ உரிமை. நம்மை மாதிரியே ஆப் நடத்துகிற எதிர்க்கடைக்காரனும் கேட்கிறானாம். நம்முடைய தலைவர் நிரஞ்சன் சாருக்கு அதுவே போதுமான காரணம்.

"லாபம் வருமா சார்?" என்று கணக்குப் பிரிவில் ஒருத்தர் கேட்டுவிட்டார்.

"கிரிக்கெட்ல லாபம் பார்க்கக் கூடாதுங்க. ஆளை உள்ள கொண்டு வரணும். உள்ள வந்துட்டா நம்ம சீரியலைப் பார்ப்பாங்க."

கடைசி ஓவர் முடிந்த கையோடு, மருமகள் பாலில் விஷம் கலக்கிற காட்சிக்கு ஒருத்தன் நகர்ந்து உட்காருவான் என்பது மேலிடத்தின் நம்பிக்கை. நானும் தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு தனிப் படி கிடையாது, சம்பளத்திலேயே சேர்த்தி.

ஜனவரி 8, வியாழன்

மதுரையிலிருந்து திரவியம் அண்ணாச்சி வந்தார். கையில் சேவு பொட்டலம், பையில் 412 வீட்டின் கள ஆய்வு.

அண்ணாச்சியை இந்தக் கம்பெனிக்குக் கூட்டி வந்தது நான்தான். சாத்தூரில் எண்ணூறு வீட்டுக்குக் கேபிள் கொடுத்துக்கொண்டிருந்தார். எந்த வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள், எந்த வீட்டில் ரிமோட் யார் கையில் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "கேபிளுக்கு இனி காலம் இல்ல அண்ணாச்சி, லைனை வித்துட்டு வாங்க" என்று நான் சொல்லி, விற்றுவிட்டு வந்தார். நாலு வருஷம் ஆகிறது. ஐம்பத்து மூன்று வயதில் கழுத்தில் அடையாள அட்டை. நாலு பேர் முன்னால் என்னை 'மேடம்' என்பார். லிஃப்ட் கதவு மூடியதும் 'தங்கச்சி' ஆகிவிடுவேன்.

"ஒரு பாஸ்வேர்டை சராசரியா எத்தனை வீடு பார்க்குதுன்னு கேட்டீங்கல்ல மேடம்? அஞ்சு புள்ளி நாலு வீடு."

"அந்தப் புள்ளி நாலு எந்த வீடு அண்ணாச்சி?"

"அது சண்டை போட்டுட்டுப் போன சம்பந்தி வீடு. பாஸ்வேர்டை மாத்தலாம்னு பேச்சு. இன்னும் மாத்தல."

அவர் யாரிடமும் 'சந்தா கட்டுவீர்களா' என்று கேட்கவே இல்லையாம். கேட்டால் எல்லாரும் கட்டுவோம் என்றுதான் சொல்வார்களாம். "டிவியை ஆன் பண்ணச் சொன்னேன். யார் பேர்ல ஓடுதுன்னு பார்த்தேன். அவ்வளவுதான்."

சேவு நன்றாக இருந்தது.

ஜனவரி 12, திங்கள்

எக்செல் கோப்பு முடிந்தது. தென்னகக் கோப்பையை இரண்டு கோடியே எட்டு லட்சம் வீடு பார்க்கும். ஒரு பாஸ்வேர்டுக்கு 5.4 வீடு என்றால், சந்தா கட்டப்போவது 38 லட்சம் சொச்சம். விளம்பரக் காசு ஒளிபரப்புச் செலவுக்கும் வர்ணனையாளர்களின் கோட்டுக்கும் சரியாய்ப் போய்விடும். ஆக இந்த உரிமைக்கு ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து நாம் கொடுக்கக்கூடிய விலை 550 கோடி.

நிரஞ்சன் சார் அந்த எண்ணை, சாம்பாரில் கிடந்த முடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மங்கை, இதை வச்சுக்கிட்டு ஏலத்துக்குப் போனா வாட்ச்மேன்கூட உள்ள விட மாட்டான். பம்பாய் ஹெட் ஆபீஸ்ல ஆயிரத்து எண்ணூறுன்னு மனசுல வச்சிருக்காங்க. உங்க கணக்கு அங்க வந்து நிக்கணும்."

விலையை முடிவு செய்துவிட்டு அதற்கு மதிப்புப் போடுவது நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலத்தில் உண்டு. ஜாதகத்தை அப்புறம் பொருத்திக்கொள்ளலாம். பொருத்திக் கொடுக்க ஒரு ஜோசியர் வேண்டும், அவ்வளவுதான்.

போகிற போக்கில், மார்ச்சில் பதவி உயர்வுப் பட்டியல் போடுவதாகவும் சொன்னார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. அவரும் அப்படித்தான் சொன்னார்.

ஜனவரி 13, செவ்வாய்

ஏதோ ஒரு தேசத்தின் அறிக்கை கிடைத்தது. அங்கே ஒரு பாஸ்வேர்டுக்கு 1.6 வீடுதானாம். நாகரிகமானவர்கள். 1.6 என்று போட்டதும் சந்தாதாரர்கள் ஒரு கோடியே முப்பது லட்சம் ஆனார்கள். விலை 1,870 கோடியில் போய் நின்றது. 'ஆதாரம்' என்ற கட்டத்தையும் நிரப்பினேன். எல்லாக் கட்டமும் நிரம்பினால்தான் கோப்பு மேலே போகும்.

லாரித் தண்ணீர் வரவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜனவரி 16, வெள்ளி, மாட்டுப் பொங்கல்

சாத்தூர். பெரியப்பா வீட்டில் எல்லாரும். என் பெரியப்பா சீனிவாசகம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவர். இன்னமும் யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்துவைக்கிறார். நான் 11.40-க்கு வந்தேன், பத்து நிமிடம் தாமதம்.

ஊழியர் என்ற முறையில் கம்பெனி எனக்குக் கொடுத்த இலவசக் கணக்கில்தான் கூடத்து டிவி ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டு நம் இருக்கன்குடி அம்மன் பெயர். அதனால் சொந்தத்தில் யாருக்கும் மறக்காது. சிவகாசிச் சித்தப்பா வீட்டில் ஓடுகிறது, கோவில்பட்டி அத்தை வீட்டில் ஓடுகிறது, அத்தை மகளின் மாமியார் வீட்டில் ஓடுகிறது. விரல் விட்டு எண்ணினேன். பதினாலு வீடு.

"நீ வேலை பார்க்கிற கம்பெனிக்கு நாம சப்போர்ட் பண்ணாம வேற யாரு பண்ணுவா?" என்றார் பெரியப்பா.

என்னுடையது இலவசக் கணக்கு. ஆகையால் ஆய்வில் சேராது.

ஜனவரி 21, புதன்

ஏலம். மூடி முத்திரையிட்ட கவர், ஒரே ஒரு தடவை. நாங்கள் 1,870 கோடி. நமக்கே கிடைத்தது. ஆபீசில் பூந்தி லட்டு, கேக், பலூன். நிரஞ்சன் சார் கண் கலங்கினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். என் கணக்கு ஜெயித்திருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

எதிர்க்கடைக்காரன் கவரில் எழுதியிருந்தது 610 கோடி.

எங்கள் ஊரில் கண்மாய் மீன் குத்தகையை இப்படி ஏலம் எடுத்தவரை ஒரு வருஷம் பூராவும் எல்லாரும் ரொம்ப மரியாதையாக நடத்துவார்கள். அவரைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுப்பார்கள். இன்று காலை லிஃப்டில், அதே கட்டிடத்தில் நாலாவது மாடியில் இருக்கிற எதிர்க்கடைப் பெண் எனக்கு வழிவிட்டு நின்றாள்.

மீதி லட்டை யாரும் தொடவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

'உதவித் துணைத் தலைவர்' ஆகிவிட்டேன். உதவியும் செய்ய வேண்டும், துணையாகவும் இருக்க வேண்டும். தலைவர் வேறொருவர். சம்பளம் பதினெட்டு சதவீதம் கூட. வீட்டுக்காரர் குமரகுருவிடம் சொன்னேன். அவர் வங்கியில் கடன் பிரிவு. "யாரு கணக்கு போட்டு யாரு கட்டப் போறாங்க?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போனார். வங்கிக்காரரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

மார்ச் 4, புதன்

அண்ணாச்சி போனில் வாழ்த்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, நம்ம அஞ்சு புள்ளி நாலை மேல குடுத்தியா? அது உள்ள இருந்தா இம்புட்டு விலைக்கு எடுத்திருக்க மாட்டாங்களே."

"மேலிடத்துல அவங்களா ஒரு நம்பர் வச்சிருக்காங்க அண்ணாச்சி."

"சரி. பெரிய இடம். அவங்களுக்குத் தெரியாததா" என்றார்.

அவர் குரலில் கிண்டல் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் தேவலை.

ஜூன் 5, வெள்ளி

முதல் ஆட்டம். சும்மா உட்கார்ந்திருந்தவள் ஒரு கணக்குப் போட்டேன். ஐந்து வருஷத்தில் 170 ஆட்டம், ஆட்டத்துக்கு 11 கோடி, ஆட்டத்தில் 240 பந்து. ஒரு பந்துக்கு நாலு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம். சேலம்காரப் பையன் ஒருத்தன் ஓடி வந்து, நின்று, திரும்பிப் போய், மறுபடி ஓடி வந்து ஒரு வைடு போட்டான். வைடு கணக்கில் வராது, இன்னொரு பந்து போட்டாக வேண்டும். ஒளிபரப்புக்காரருக்கு இந்த உலகத்தில் இலவசமாகக் கிடைப்பது வைடு ஒன்றுதான்.

ஜூன் 14, ஞாயிறு

மழை. மூன்று மணி நேரம் தார்ப்பாயைக் காட்டினோம். 'ஒரே நேரத்தில் 61 லட்சம் பேர் பார்த்தார்கள்' என்று பத்திரிகைக்கு அறிக்கை போனது. பெருமையாக. தார்ப்பாய் ஒன்றுக்கு இவ்வளவு ரசிகர்கள் இருப்பது தெரிந்திருந்தால் 1,870 கோடிக்குப் பதில் தார்ப்பாயே வாங்கியிருக்கலாம்.

ஜூன் 19, வெள்ளி

பார்க்கிறவர்கள் எதிர்பார்த்ததுபோலவே வந்துவிட்டார்கள், இரண்டு கோடி வீட்டுக்கு மேல். சந்தா கட்டியவர்கள் 38 லட்சம்.

38 லட்சம். அண்ணாச்சியின் எண் இரண்டாயிரம் மூவாயிரம் வித்தியாசத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை ஆபீசில் இரண்டு பேர்தான் கவனிக்க முடியும். ஒருத்தர் மதுரையில் இருக்கிறார்.

ஜூன் 22, திங்கள்

பம்பாய் உத்தரவு: இனி ஒரு கணக்கில் ஒரே நேரத்தில் இரண்டு திரைதான் ஓடும். ஓசிப் பார்வையாளர்கள் எல்லாரும் திருந்தி, பர்ஸை எடுத்து, மாதம் 149 ரூபாய் கட்டுவார்கள். என்னிடம் கணிப்புக் கேட்டார்கள். நாற்பது லட்சம் புதுச் சந்தா என்றேன். இந்தத் தடவை அறிக்கைகூடத் தேடவில்லை.

ஜூன் 24, புதன்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு கால அட்டவணை போட்டிருக்கிறார். முப்பது வருஷ டெப்போ அனுபவம் வீண் போகவில்லை.

'1 முதல் 3 ஓவர்: மெயின் ரோடு வீடு, கோவில்பட்டி. 4 முதல் 6: சிவகாசி, ராஜபாளையம்...' என்று ஆரம்பித்து, பதினாலு வீட்டுக்கும் முறை. தினமும் வரிசை மாறும், யாருக்கும் பாரபட்சம் கிடையாது. கீழே விதிகள்: தன் ஓவர் முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். இறங்குகிறவர் ஸ்கோரை ஏறுகிறவருக்குச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். நோ பால் வந்தால் தாமதம் மன்னிக்கப்படும்.

ராத்திரிக்குள் முதல் புகார் வந்தது. சிவகாசிச் சித்தப்பா ஆறாவது ஓவர் முடிந்தும் இறங்கவில்லையாம். அவருக்கு இரண்டு நாள் சஸ்பெண்ட்.

பதினாலு வீட்டில் ஒரு வீடுகூடப் புதுச் சந்தா கட்டவில்லை.

ஜூன் 30, செவ்வாய்

பம்பாயிலிருந்து வீடியோ கூட்டம். புதுச் சந்தா நாற்பது லட்சம் எதிர்பார்த்த இடத்தில் ஒன்றேகால் லட்சம். திரையில் ஒரு அம்மாள், பெயர் சொல்லவில்லை. அப்படி பெயர் சொல்லாதவர்கள்தான் வேலையை எடுக்க வருவார்கள்.

"இந்த 1.6 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்.

நிரஞ்சன் சார் என்னைப் பார்க்கவில்லை. கோப்பைத் திறந்து, ஆதாரக் கட்டத்தைப் பெரிதாக்கி எல்லாருக்கும் காட்டினார். 'கள ஆய்வு, 412 வீடுகள், திரவியம், மதுரை.'

"அப்படியானால் களத்திலிருந்து வந்தது பொய்யான விவரம்" என்றார் அந்த அம்மாள்.

நான் தண்ணீர் குடித்தேன். பாட்டில் காலி. இருந்தாலும் கொஞ்ச நேரம் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து ஜனவரி 13 பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். எழுதியிருப்பது எதுவும் பொய் இல்லை. கட்டத்தை நிரப்பினேன் என்று எழுதியிருக்கிறேன். எதை வைத்து நிரப்பினேன் என்பதற்குத்தான் பக்கத்தில் இடம் போதவில்லைபோல. பொன்மொழி பாதி இடத்தை அடைத்துவிடுகிறது.

ஜூலை 1, புதன்

வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே விடமாட்டேன் என்கிறது. மெக்கானிக் நாளைக்கு வருவார்.

ஜூலை 3, வெள்ளி

அண்ணாச்சியை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். கடிதத்தில் காரணம் எழுதியிருக்கிறார்கள்: 'பொய்யான கள விவரம் அளித்தமை.' எதிர்க்கடைக்காரன் மதுரைக்கு ஆள் தேடுகிறான், இவர் கேட்டிருந்தால் கொத்திக்கொண்டு போயிருப்பான். இந்தக் கடிதத்தைக் காட்டினால் யார் எடுப்பார்கள்? முப்பது வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியும், எந்த வீட்டிலும் ஒருத்தரும் வாசலில் மறிக்காத மனுஷர்.

நானே கூப்பிட்டேன். ஆறுதல் சொல்ல.

"பரவாயில்லை மேடம்" என்றார்.

லிஃப்ட் இல்லை, நாலு பேர் இல்லை, போனில் நாங்கள் இரண்டு பேர்தான். மேடம் என்றார்.

ஜூலை 4, சனி

மெக்கானிக் வந்தார். உள்ளே ஒரு ஐந்து ரூபாய் நாணயம் சிக்கியிருந்ததாம். அதை எடுக்க எண்ணூறு வாங்கிக்கொண்டு போனார். கம்பெனி நடத்தத் தெரிந்தவர்.

ராத்திரி குமரகுரு கேட்டார், "அந்த அண்ணாச்சி குடுத்த நம்பர் வேறதான? ஜனவரியில அஞ்சு புள்ளி நாலுன்னு சொல்லிச் சிரிச்சியே, சம்பந்தி வீடுன்னு."

ஞாபக சக்தி நல்லதுதான். எல்லாருக்கும் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

ஜூலை 9, வியாழன்

விருதுநகர் மாவட்டத்தின் புதுச் சந்தாதாரர் பட்டியலைப் பார்க்க வேண்டி வந்தது. மொத்தமே 312 பேர். உருட்டிக்கொண்டே வந்தேன். தெரிந்த போன் நம்பர் ஒன்று கண்ணில் பட்டது. திரவியம், சாத்தூர். ஐந்தாம் தேதி, 149 ரூபாய்.

வேலை போனதும் இலவசக் கணக்கும் போய்விடும். அதற்காகக் காசு கொடுத்தா வாங்குவார்? கூப்பிட்டேன்.

"ஏன் அண்ணாச்சி? எங்க சொந்தத்துல பதினாலு வீட்டுல ஒருத்தர்கூடக் கட்டல. நீங்க போய்..."

"இருபத்தஞ்சு வருஷம் நான் மாசாமாசம் வீட்டு வாசல்ல நின்னு கேபிள் காசு வாங்கினவன் மேடம். எவனாவது கொக்கி போட்டு இழுத்தா வயிறு எரியும். நான் ஓசியில பார்க்க முடியுமா?" சிரித்தார். "ஆனா ஒண்ணு. பக்கத்துல நாலு வீட்டுக்குப் பாஸ்வேர்டு குடுத்துட்டேன். எங்க வீட்டோட அஞ்சு. சம்பந்தி வீடும் எப்பவாச்சும் பார்க்குறாங்க. கணக்கு சரியா இருக்கணும்ல? என் கணக்கு பொய்யின்னு எழுதிக் குடுத்திருக்காங்களே."

அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டிருந்தால் நான் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். அதற்குக்கூட வழியில்லாமல் செய்துவிட்டார் மனுஷர்.

வெட்கமாக இருக்கிறது. கிண்டல் பண்ணி எழுதலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

ஜூலை 13, திங்கள்

கிரிக்கெட்டில் விட்டதைப் பிடிக்க, கபடி வாங்கப் போகிறோம். நிரஞ்சன் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பழைய எக்செல் கோப்பையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். விலை தொள்ளாயிரம் கோடியில் வந்து நிற்க வேண்டுமாம்.

"பாஸ்வேர்டுக்கு எத்தனை வீடு சார் போட?"

"ரெண்டு போடுங்க. பாடம் கத்துக்கிட்டோம்னு காட்டினமாதிரி இருக்கும்."

"ஆதாரம்?"

"மதுரைக்குப் புதுசா ஒருத்தர் வர்றார்ல. அவர் பேரைப் போட்டுக்கலாம்."

அந்த ஆள் இன்னும் வேலைக்கே சேரவில்லை. அதற்குள் அவர் தப்புச் செய்து முடித்துவிட்டார்.

ஜூலை 14, செவ்வாய்

காலையில் கோப்பைத் திறந்தேன். கபடிக் கணக்கில் 5.4 என்று போட்டேன். தொள்ளாயிரம் கோடி வேண்டிய இடத்தில் விலை முந்நூறைக்கூடத் தொடவில்லை. ஆதாரம்: 'கள ஆய்வு, 412 வீடுகள், திரவியம், சாத்தூர்.' இந்தத் தடவை அது உண்மை.

பிறகு பம்பாய் அம்மாளுக்கு ஒரு மெயில். நிரஞ்சன் சாருக்கும் பிரதி. '1.6 என்பது திரவியம் கொடுத்த எண் அல்ல. நான் ஒரு வெளிநாட்டு அறிக்கையிலிருந்து எடுத்துப் போட்டது. அவர் கொடுத்தது 5.4, அவருடைய ஆய்வுத் தாள்களை இணைத்திருக்கிறேன். ஆதாரத்தில் அவர் பெயரை எழுதியது நான்.'

நாலு வரி. இதை எழுத ஆறு மாசம் ஆகியிருக்கிறது. வேகத்துக்குப் பதவி உயர்வு கொடுத்தவர்கள் பார்க்க வேண்டும்.

அனுப்பிவிட்டு கேன்டீனில் போய் ஒரு பொங்கல் சாப்பிட்டேன். பொங்கல் சுமார்.

ஜூலை 15, புதன்

நிரஞ்சன் சார் பார்த்தும் பார்க்காததுபோல் போனார். பம்பாய் அம்மாள் இன்று பெயர் சொன்னார். பெயர் சொல்லாதபோதே ஒருத்தர் வேலை போனது, சொன்னால் கேட்கவே வேண்டாம்.

ஜூலை 17, வெள்ளி

அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன். உதவியும் போனது, துணையும் போனது. தலைவர் இருக்கிறார். கபடி ஏலத்துக்கு வேறு ஜோசியர் வந்துவிட்டார்.

குமரகுருவிடம் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் காபி போட்டுக் கொடுத்தார். "வீட்டுக் கடன் தவணையை நான் பார்த்துக்குறேன், நீ கொஞ்ச நாள் சும்மா இரு" என்றார். வங்கிக்காரரைக் கட்டிக்கொண்டதில் ஒரு நன்மையும் இருக்கிறது, எழுதிவைக்கிறேன்.

ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.

ஜூலை 19, ஞாயிறு

இறுதி ஆட்டம். எனக்கு வேலை போன செய்தி சொந்தபந்தத்துக்கு ஏழு மணிக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. பாஸ்வேர்டு சொன்னது.

'மங்கை, ஆட்டம் ஏறலை.' பெரியப்பா.

'அக்கா, உள்ள விடமாட்டேங்குது.' ராஜபாளையம்.

'நான் போன ஆட்டத்துல கரெக்டாத்தான் இறங்கினேன், என்னைக் குறை சொல்லாதீங்க.' சிவகாசிச் சித்தப்பா.

குழுவில் ஒரே ஒரு வரி எழுதினேன். 'வேலையை விட்டு எடுத்துட்டாங்க.' பிறகு பெரியப்பா தனியாகக் கூப்பிட்டார்.

"எத்தனை மணிக்கு எடுத்தாங்க?"

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பெரியப்பா."

"ம்." நோட்டில் குறித்துக்கொண்டிருப்பார். "சாப்பிட்டியா தாயி?" என்றார். அந்தக் கேள்விக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

முகத்தைக் கழுவிக்கொண்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். சொல்ல வேண்டிய விஷயத்தை ஒரு வழியாகச் சொன்னேன். ஆதாரக் கட்டத்தில் அவர் பெயரை நான்தான் எழுதினேன் என்று.

"ஜூலை மூணாந்தேதியே தெரியும். லெட்டர்ல ஒண்ணு புள்ளி ஆறுன்னு போட்டிருந்தாங்க. அந்த நம்பரை நான் வாழ்க்கையில பார்த்ததில்ல. வேற யாரு கோப்புல எழுத முடியும்?" என்றார். "நேத்துப் புது லெட்டர் வந்திருக்கு. 'பொய்யான'ங்கிற வார்த்தை இல்ல. வேலையும் இல்ல. ஆனா எதிர்க்கடைக்காரன்கிட்ட இப்பக் காட்டலாம்."

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

அவர் வீட்டு டிவியில் கூட்டம் கத்துவது போன் வழியாகக் கேட்டது. யாரோ அவுட். எனக்கு யார் என்று தெரியவில்லை. 1,870 கோடிக்கு ஆட்டத்தை வாங்கிக் கொடுத்தவள், இறுதி ஆட்டத்தைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்க பாருங்க அண்ணாச்சி, நான் வைக்கிறேன்."

"இரு." யாரிடமோ ஏதோ கேட்டார். தாள் புரட்டுகிற சத்தம். அவர் வீட்டிலும் ஒரு கால அட்டவணை இருக்கிறது போல. "சம்பந்தி வீட்டுல இன்னிக்கு விசேஷத்துக்குப் போயிட்டாங்க. அவங்க முறை காலியாத்தான் இருக்கு. பதினொண்ணுலருந்து பதினாலாவது ஓவர் வரைக்கும். மந்தமான ஓவர்தான், பெருசா ஒண்ணும் நடக்காது. பாஸ்வேர்டு அனுப்பவா, தங்கச்சி?"

அனுப்பினார். பதினாலாவது ஓவர் கடைசிப் பந்து முடிந்ததும் ஸ்கோரைச் சொல்லிவிட்டு இறங்கினேன்.